குழாய் வழியே வந்த கடல்

திருத்தணியில் 365 படிகள் ஏறி நின்று பார்த்தாலும் கடல் தெரியாது. ஆனாலும் ஒரு பாய்மரப் படகு ஓசையில்லாமல் மூழ்கும் விதத்தை எங்கள் பக்கத்து லாரி டிரைவர் யாரும் விளக்கிவிடுவார். பீப்பாய்க்குள் ரப்பர் குழாயை விட்டு, வாயால் ஒரு இழுப்பு இழுத்து, மறுமுனையைத் தாழப் பிடிப்பார். அப்புறம் டீசல் தானாகவே வந்துகொண்டிருக்கும். சைபன் என்பது இதுதான். வடநாட்டில் வசுதேவர் கிண்ணம் என்று ஒரு விளையாட்டுச் சாமான் உண்டு. கிண்ணத்தில் தண்ணீர் ஏறிக் குழந்தைக் கண்ணனின் பாதத்தைத் தொட்டதும் சட்டென்று வடிந்துவிடும். உள்ளே ஒளிந்திருப்பது அதே வளைகுழாய்தான்.

பழைய பாய்மரக் கப்பல்களில் கக்கூஸால் ஆபத்தில்லை. மாலுமிகளுக்கான இடம் கப்பலின் முகப்பில், திறந்த வெளியில், அலைக்கு மேலே இருந்தது. இங்கிலீஷ்காரர் அதற்கு இன்றும் 'தலை' என்று பெயர் சொல்வது அதனால்தான். சௌகரியத்தை உத்தேசித்து அதை உள்ளே, நீர்மட்டத்துக்குக் கீழே கொண்டுவந்தபோது வினை வந்தது. கடல்நீரை இழுக்க ஒரு துவாரம், கழிவைத் தள்ள ஒரு துவாரம். ஆக, கப்பலின் அடிவயிற்றில் இரண்டு வாசல்கள்.

அந்த வாசலின் கொடுமையை 1945 ஏப்ரல் 14ஆம் தேதி யு-1206 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கண்டது. ஆழத்திலேயே கழிவை வெளியேற்றும் புதுமாதிரிக் கக்கூஸ் அதில் இருந்தது. வால்வுகளை வரிசை தவறாமல் திருப்பத் தனிப் பயிற்சி வேண்டும். ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட்டுக்கு அப்பால், நீருக்கடியில் கடல் உள்ளே பீறிட்டது. கீழே பாட்டரிகள், உப்புநீர் பட்டதும் குளோரின் விஷவாயு கிளம்பிற்று. மேலே வந்த கப்பலை விமானம் தாக்கியது. நாலு பேர் மாண்டார்கள். 46 பேர் சிறைப்பட்டார்கள். கப்பலைத் தாங்களே மூழ்கடித்தார்கள். ஜெர்மனி சரணடைய ஒரு மாதங்கூட இல்லை.

தலைவர் ஷ்லிட்டே வால்வைத் தப்பாகத் திருகினார் என்று ஒரு கதை உலவுகிறது. கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அது பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அவருடைய அறிக்கை வேறு சொல்கிறது: அவர் எஞ்சின் அறையில் ரிப்பேருக்கு உதவிக்கொண்டிருந்தாராம், முன்பகுதியில் நீர் புகும் செய்தி அங்கே வந்ததாம். பிழைத்துத் திரும்பியவர் பேச்சுக்கும் ஒரு மதிப்புக் கொடுக்க வேண்டாமா?

பாய்மரப் படகில் இத்தனை அமர்க்களம் இராது. பம்பை அடித்துக் கழுவிவிட்டு மனிதர் படுத்துவிடுவார். பம்பின் வால்வில் ஒரு தூசி சிக்கியிருந்தால் போதும். கோப்பை நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், டிரைவரின் பீப்பாய் மாதிரிக் கடல் இறங்கத் தொடங்கும். கோப்பை நிரம்பி வழிந்தாலும் நிற்காது. துறையில் கட்டியபடியே மூழ்கிய படகுகள் உண்டு.

பரிகாரம் எளிது. படகு சாய்ந்து ஓடும்போதும் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கும்படி குழாயை உயர வளைத்துக் கொண்டுபோக வேண்டும். வளைவின் உச்சியில் காற்றை மட்டும் உள்ளே விடும் சின்ன வால்வு. காற்று புகுந்தால் சைபன் அறுந்துபோகும். உப்புப் படிந்து அந்த வால்வே அடைத்துக்கொள்வதுண்டு. அவ்வப்போது கழற்றி நல்ல தண்ணீரில் அலசுவார்கள். அதையும் நம்பாதவர்கள், ஒவ்வொரு தடவையும் அடிவயிற்றுக் குழாய்களை மூடிவிட்டுத்தான் படுக்கப் போகிறார்கள்.