வல்லரசு: கரண்டுக்காரன் சொல்லும் கதை

மீஞ்சூர் கடைத்தெருவில் 'வல்லரசு' என்றால் முதலில் விஜயகாந்த்தான். 2000இல் வந்த படம். அதற்கு இரண்டு வருடம் முன்னால் பொக்ரானில் அணுகுண்டு வெடித்திருந்தார்கள். அதே 1998இல்தான் அப்துல் கலாமும் ஒய்.எஸ்.ராஜனும் எழுதிய 'இந்தியா 2020' நூலும் வெளிவந்தது. அந்த நூலின் பேச்செல்லாம் வளர்ந்த நாடு ஆவதைப் பற்றியது: விளைச்சல், படிப்பு, மருத்துவம், தொழில், மின்சாரம். மேடை ஏறியவர்கள் கையில் அது '2020இல் இந்தியா வல்லரசு' என்று சுருங்கிவிட்டது. 'வளர்ந்த நாடு' என்றால் கூட்டம் கைதட்டாது என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் அத்திப்பட்டு தெர்மலில் டர்பைன் பக்கம் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தச் சொல்லில் எங்கள் தொழிலுக்கும் பாத்தியதை உண்டு என்று டீக்கடையில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உண்டு.

முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நிலக்கரிக்குக் கடும் தட்டுப்பாடு. ஊருக்கு ஊர் சின்னச் சின்ன மின் நிலையங்கள் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் கரியை வீணாக எரித்துக்கொண்டிருந்தன. நியூ ஹேவன் ரயில் பாதையை மின்மயமாக்கிய வில்லியம் மரே என்ற எஞ்சினியர் இதற்கு ஒரு வழி சொன்னார். பெரிய நிலையங்களாகக் கட்டு, அருவித் தண்ணீரையும் சேர்த்துக்கொள், எல்லாவற்றையும் உயர் அழுத்தக் கம்பியால் ஒன்றாகப் பிணை. ஓர் ஊரில் லோடு ஏறும்போது இன்னோர் ஊரில் சும்மா கிடப்பது ஈடு கொடுக்கும். பாஸ்டன் முதல் வாஷிங்டன் வரைக்குமான அந்தத் திட்டம் 1921இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை வெளியீடாக வந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர்பவர்'. இன்று நாம் கிரிட் என்கிறோமே, அதுதான்.

நாம் வல்லரசு என்று தமிழில் சொல்லும் அந்தப் பட்டம் நாடுகளுக்குப் பிறகுதான் நிலைத்தது. 1944இல் வில்லியம் ஃபாக்ஸ் என்ற அரசியல் பேராசிரியர் 'சூப்பர்பவர்கள்' என்று தலைப்பிட்டே ஒரு நூல் எழுதினார். அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் என்று மூன்று பேர் அதில். (பிரிட்டனுக்கு அந்த நாற்காலி நிலைக்கவில்லை; 1956இல் சூயஸ் கால்வாயில் மானம் போனது.) அவர் மின்கம்பியை நினைத்து எழுதினாரா என்பது வேறு கதை. ஆனால் அவர் கொடுத்த இலக்கணத்தைப் பாருங்கள்: பெரும் பலம் இருந்தால் மட்டும் போதாது, அதைத் தொலைதூரத்துக்குக் கொண்டுபோகவும் முடிய வேண்டும். இதை எங்கள் கண்ட்ரோல் ரூமில் உற்பத்தி, டிரான்ஸ்மிஷன் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவோம்.

அதற்கும் முன்னால் ஐரோப்பாவில் 'பெரும் சக்திகள்' என்ற வழக்கு இருந்தது. நெப்போலியனை இறக்கிய பிறகு 1814–15இல் வியன்னாவில் கூடி நிலப்படத்தைப் பங்கு போட்டவர்கள் அவர்கள். தமிழில் அந்தப் பழைய சக்திகளுக்கும் புதிய சூப்பர்பவருக்கும் சேர்த்து வல்லரசு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டோம். நல்ல சொல். பள்ளிப் பாடத்தில் சோழப் பேரரசு உண்டு, சோழ வல்லரசு கிடையாது. பேரரசு பரப்பைச் சொல்கிறது. வல்லரசு, வல்லினம், வல்லூறு, வல்லடி இவற்றோடு உறவாடுகிற சொல், அடி விழும் ஓசை அதில் இருக்கிறது. மீஞ்சூரை ஒட்டியே வல்லூர் என்று ஓர் ஊர். 1500 மெகாவாட் அனல் மின் நிலையம் அங்கே. ஊர்ப் பெயருக்கு வேர் தோண்டும் வேலையில் நான் இறங்கவில்லை, ஆனால் பொருத்தத்தை ரசிக்கலாம் அல்லவா.

பலத்தை எடை போடுவதற்கென்றே வள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரம் வைத்தார். மயிலிறகை அளவுக்கு மீறி ஏற்றி வண்டி அச்சை முறிப்பது அதில்தான். ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் அதைப் பாடமாக வைக்கலாம். ஓவர்லோடு ஒரே அடியாக வருவதில்லை.

எங்கள் வட்டாரத்தில் இந்த வண்டி வெகுநாளாக ஓடுகிறது. எண்ணூர் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. நான் வேலை பார்த்த அத்திப்பட்டு தெர்மல், அதாவது வடசென்னை அனல் மின் நிலையத்தின் 210 மெகாவாட் யூனிட்டுகள் மூன்றும் தொண்ணூறுகளில் வந்தன. ஒடிசாவின் தால்சேரிலிருந்து பாரதீப்புக்கு ரயிலில், அங்கிருந்து கப்பலில் கரி வரும். அதை இறக்கத்தான் எண்ணூர் துறைமுகமே பிறந்தது. சாம்பல் செப்பாக்கம் பக்கம் குளம் கட்டி நிற்கிறது. கொசஸ்தலை முகத்துவாரத்தில் வலை வீசுகிறவர்களிடம் வல்லரசைப் பற்றிக் கேட்டால் முதலில் இந்தச் சாம்பலைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும், அவர்கள் சொல்வது நியாயம்.

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன, ஏறக்குறைய 60 கோடிப் பேர் இருட்டில். தெற்கு தப்பியது, நம் கிரிட் அப்போது தனி, மற்ற வட்டாரங்களோடு டி.சி. (நேர்மின்னோட்டம்) வழியாக மட்டுமே தொடுப்பு. தப்பினோம் என்று பெருமைப்பட முடியவில்லை. நம் ஊரில் அந்த வருடம் மின்வெட்டுதான் சோறு தண்ணீர் மாதிரி வேளாவேளைக்கு வந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாகத் தெற்கை நாட்டு கிரிட்டோடு 'சிங்க்' செய்தார்கள். அன்றிலிருந்து அத்திப்பட்டு டர்பைனும் பஞ்சாப் டர்பைனும் ஒரே தாளத்தில்: 50 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 3000 சுற்று. மரே கேட்ட சூப்பர்பவர் நமக்கு வந்து சேர்ந்தது அன்றுதான் என்பேன்.

2020ம் வந்தது, கொரோனாவோடு. ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைக்கச் சொன்னார்கள். நாடு முழுக்கச் சுமார் 31,000 மெகாவாட் லோடு சட்டென்று இறங்கியது. புனல் மின் நிலையங்களை இறக்கி ஏற்றிச் சமாளித்தார்கள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஷிஃப்டில் இருந்த தம்பி ஒருவனுக்குப் போன் போட்டேன்.

"ஃப்ரீக்வென்சி எவ்ளோடா?"

"ஐம்பது புள்ளி ரெண்டைத் தாண்டிச்சுண்ணே. இப்ப இறங்குது. நீங்க போய்ப் படுங்க."