விருந்து மேசையில் மடித்த தாள்



ஜப்பான் என்றதும் நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு 1942, 1943ஆம் ஆண்டுகளின் சயாம் மரண ரயில்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்தக் கணக்கு வேறு, அதை மறப்பதற்கில்லை. ஆனால் அந்நாட்டு மக்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியை எப்படி மதித்தார்கள் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறே. அதை இன்று சாப்பாட்டு மேசையிலிருந்து பார்ப்போம்.

ஜப்பானியர் இரண்டு குச்சிகளால் உண்பவர்கள். விருந்தில் அக்குச்சிகளை மடித்த தாளுறையில் இட்டு வைப்பதுண்டு. வாயில் படும் நுனி மேசையில் படாதிருக்க ஒரு சிறு தாங்கியும் வைப்பார்கள். திருமண விருந்திலோ, அரிசி மது ஊற்றும் பாத்திரங்களில் ஆண், பெண் என இரு காகித வண்ணத்துப்பூச்சிகளைக் கட்டுவது பழைய வழக்கம். இஹாரா சாய்க்காகு என்ற எழுத்தாளர் 1680ஆம் ஆண்டிலேயே இப்படிப்பட்ட காகித வண்ணத்துப்பூச்சியைத் தம் குறுங்கவிதை ஒன்றில் குறிப்பிட்டிருக்கிறார்.

இவையெல்லாம் விளையாட்டாகத் தொடங்கியவை அல்ல. 610ஆம் ஆண்டில் கொரியாவிலிருந்து வந்த டோன்சோ என்னும் துறவி தாள் செய்வதில் வல்லவர் என்று அந்நாட்டின் பழைய வரலாற்று நூல் கூறுகிறது. மல்பெரி இனத்துச் செடியின் பட்டையை உரித்து, வேகவைத்து, அழுக்கு நீக்கி, அடித்து நாராக்கி, குளிர்ந்த நீரில் அலசித்தான் அந்தத் தாள் பிறந்தது. குளிர்காலத்தில் கைவிறைக்க அதைச் செய்தவர்கள் கிராமத்துக் குடியானவர்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. நார் நீளமானதால் எத்தனை முறை மடித்தாலும் தாள் எளிதில் கிழியாது. அந்த உறுதி இல்லையென்றால் இந்தக் கலையே இல்லை.

அருமையான பொருளாக இருந்ததால் தாள் முதலில் கோவிலுக்கும் பிரபுக்களுக்கும் போயிற்று. இசே, ஒகசவாரா ஆகிய குடும்பங்கள் படைவீரர் குலத்தாருக்கு மரியாதை முறைகளைக் கற்பித்தன. எதை எப்படித் தாளில் பொதிந்து கொடுப்பது என்பதும் அவற்றுள் அடங்கும். இசே சதாத்தாகே 1764ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அன்பளிப்பின்மேல் வைக்கும் ‘நோஷி’ என்ற மடிப்புக்குள் உலர்ந்த கடற்சிப்பி இறைச்சியின் கீற்று ஒன்று இருக்கும். இன்று பெரும்பாலும் அதன் இடத்தில் மஞ்சள் காகிதந்தான்! துக்க வீட்டுக்குக் கொடுக்கும் பொருளில் நோஷி வைக்கமாட்டார்கள்.

பின்னர் தாள் மலிந்தது. மடிப்பும் எளியவர் கைக்கு வந்தது. 1797ஆம் ஆண்டில் கொக்குகளை மடிக்கும் முறைகளைச் சொல்லும் நூலொன்று கியோத்தோ நகரில் அச்சாயிற்று.

இன்று சாதாரணச் சாப்பாட்டுக் கடையிலும் குச்சியின் தாளுறையை உண்பவரே மடித்துத் தாங்கியாக்கிக் கொள்வதைக் காணலாம். நீண்ட உறையைக் கயிறுபோல் ஒரு முடிச்சிட்டு, மெல்ல இறுக்கி, தட்டையாக அழுத்தினால் ஐந்து பக்கமுள்ள சிறு தாங்கி கிடைக்கும். உண்டு முடித்தபின் சிலர் அந்த முடிச்சுக்குள்ளேயே குச்சி நுனிகளைச் செருகி வைப்பார்கள். மேசையைத் துடைக்க வருபவருக்கு, இவை எச்சில் குச்சிகள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.