சுக்கிலநத்தத்துக் கல்யாணம்

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துக் கரிசல் ஊர் சுக்கிலநத்தம். 1928 மே 28 அன்று அங்கே பெரியார் தலைமையில் நடந்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்கிறார்கள். புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை.

புரோகிதரை விலக்குவது ஒருவகையில் எளிது. சம்பந்தி வீட்டாரை விலக்க முடியுமா? இந்தப் பக்கத்தில் அப்பனுக்கு மச்சான், மகனுக்குத் தாய்மாமன். அவர் மகளைக் கட்டினால் மாமனாரும் அவரே. காதுகுத்துக்குச் சீர்த்தட்டோடு வந்து மடியில் உட்காரவைத்த அதே மனிதர். மாமியாரோ பிறந்தது முதல் 'அத்தை'. 1949-50இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோனும், சம்பந்தி உறவு இங்கே தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவதைத்தான் எழுதினார். அத்தை என்பதால் மாமியார் கொடுமை இல்லாமல் போய்விடவில்லை. கோபித்துக்கொண்டு போகும் மருமகளுக்குப் போக்கிடமும் அதே சொந்தம்தான்.

சட்டம் வேறு கணக்குப் போட்டது. சடங்கில்லாத திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. மருமகளின் சொத்துரிமையே ஆட்டம் கண்டது. 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தம் பழைய திருமணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கியது: மாலையோ மோதிரமோ தாலியோ போதும், உறவினரோ நண்பரோ முன்னிலையில்.

அந்த 'நண்பரோ' முக்கியம். இரு வீட்டாரும் வராத கல்யாணமும் கல்யாணமே. வழக்கறிஞர் நண்பராகவோ உறவினராகவோ முன்னின்று நடத்திவைக்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.