சலவை யந்திரத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

உலக வரலாறு எழுதினோரிற் பலர், அரசர்கள் முடிசூடிய நாட்களையும் படைகள் மோதிய களங்களையும் பக்கம் பக்கமாகத் தீட்டினர். அவ்வரசர் உடுத்த ஆடைகளைத் துவைத்தவர் யார், எவ்வாறு துவைத்தனர், அவ்வேலையால் அவர் பட்ட பாடு யாது என்பவற்றை எழுதினோர் மிகச் சிலரே. சமைத்தல், துவைத்தல், நீர் சுமத்தல் முதலியன பெண்டிர்க்கும் ஏழையர்க்கும் உரிய வேலைகள் என்று ஒதுக்கப்பட்டமையால், அவற்றின் வரலாறும் ஒதுக்கப்பட்டது. இன்று தோட்டத்து வீடுகளிலும் பட்டணத்து அடுக்குமாடிகளிலும் ஒரு மூலையில் நின்று முனகிக்கொண்டிருக்கும் சலவை யந்திரம், 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட முயற்சியின் விளைவாகும். அது வளர்ந்த வகையையும், அதனால் மிச்சமான உழைப்பு யார் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பதையும் நாம் இங்கே சுருக்கமாக ஆராய்வோம்.

யந்திரத்திற்கு முன்

துணி வெளுத்தல் முற்காலத்தில் எத்துணைக் கடிய வேலையாக இருந்ததென்பதை இக்காலத்து இளைஞர் அறியார். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டுக் குடும்பங்களில் திங்கட்கிழமையே வெளுப்பு நாளாக வழங்கிற்று. முதல்நாள் ஊறவைத்த துணிகளை விடியுமுன் எடுத்து, வரிகள் அமைந்த தேய்பலகையில் ஒவ்வொன்றாகத் தேய்த்து, கொதிநீரில் வேகவைத்து, அலசி, முறுக்கிப் பிழிந்து, கொடியில் உலர்த்துவர். மறுநாள் முழுவதும் இஸ்திரி போடுதலிற் கழியும். ஒருமுறை துவைத்து, ஒருமுறை வேகவைத்து, ஒருமுறை அலசுதற்கு மட்டும் ஏறத்தாழ 50 காலன் நீர் வேண்டியிருந்ததென்று கணக்கிட்டிருக்கின்றனர். அதன் எடை சுமார் 400 பவுண்டு. குழாய் வராத வீடுகளில் அவ்வளவு நீரையும் கிணற்றிலிருந்து சுமந்து வந்தவர் பெரும்பாலும் பெண்களே. அழுக்கு நீரை வெளியே கொண்டுபோய் ஊற்றியவரும் அவர்களே. காரமான சோப்பு அவர்தம் கைகளை வெடிக்கச் செய்தது.

அழுக்கு நீங்குதற்கு நான்கு துணைகள் வேண்டும்: வெப்பம், சோப்பு முதலிய இரசாயனப் பொருள், அடித்தும் அலசியும் உண்டாக்கும் அசைவு, போதிய நேரம். இவற்றுள் ஒன்று குறையின் மற்றவை மிகுதல் வேண்டும். இவ்வுண்மையை ஜெர்மானிய நாட்டு ஹென்கெல் கம்பெனியின் இரசாயன அறிஞர் ஹெர்பர்ட் சின்னர் என்பார் 1959ஆம் ஆண்டில் ஒரு வட்டமாக வரைந்து விளக்கினார். அவ்வட்டம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இந்நான்கனையும் மனத்திற்கொண்டு பார்த்தால், யந்திரத்தின் வரலாறு எளிதில் விளங்கும்.

கைச்சுழற்சிக் காலம்

இங்கிலாந்தில் துணி துவைத்தலைக் குறித்த முதற் காப்புரிமை 1691ஆம் ஆண்டிலேயே வழங்கப்பெற்றது. 1767இல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரத்து அறிஞர் ஜேக்கப் கிறிஸ்டியன் ஷேஃபர் என்பவர், மரத்தொட்டிக்குள் துடுப்பைச் சுழற்றித் துவைக்கும் ஒரு பொறியைப் பற்றி நூல் வெளியிட்டார். 1782இல் ஹென்றி சிட்ஜியர் என்னும் ஆங்கிலேயர் கைப்பிடியால் சுழலும் உருளைக் கூட்டிற்குக் காப்புரிமை பெற்றார். 1797இல் அமெரிக்காவில் நத்தானியேல் பிரிக்ஸ் என்பவரும் ஒரு காப்புரிமை பெற்றார்; ஆயினும் 1836ஆம் ஆண்டில் காப்புரிமை அலுவலகம் தீப்பற்றி எரிந்தமையால், அவர் செய்த பொறி எத்தகையது என்பதை அறிய வழியில்லை. 1851இல் ஜேம்ஸ் கிங் என்பவர் உருளையமைப்பில் மற்றொரு பொறி செய்தார்.

இத்துணைப் பொறிகள் தோன்றியும் பெண்களின் பாரம் ஏன் குறையவில்லை? மேற்கூறிய நான்கனுள் இவை தந்தது அசைவு ஒன்றே. அவ்வசைவிற்கும் ஒருவர் நின்று கைப்பிடியைச் சுழற்றவேண்டும். நீரைச் சுமத்தலும், கொதிக்கவைத்தலும், பிழிதலும் பழையபடியே நின்றன. மேலும், மிகக் குறைந்த கூலிக்கு வெளுத்துக் கொடுக்க ஏழைப் பெண்கள் கிடைத்தவரையில், பணம் படைத்தோர்க்கு யந்திரத்தின்மேல் நாட்டம் செல்லவுமில்லை.

பிழியும் வேலையை எளிதாக்கியது உருளைப் பொறியாகும். 1843இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து ஜான் டர்ன்புல், இரண்டு உருளைகளுக்கிடையே துணியைச் செலுத்திப் பிழியும் அமைப்போடு கூடிய சலவைப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார்.

பெயர் மறைந்த பெண்

இப்பிழியும் பொறியின் வரலாற்றில் நாம் மறக்கலாகாத ஒரு செய்தியுண்டு. வாஷிங்டன் நகரில் வாழ்ந்த எல்லன் எக்லின் என்னும் கறுப்பினப் பெண்மணி ஒரு பிழியும் பொறியை ஆக்கினார். 1888ஆம் ஆண்டில் அதன் உரிமையை 18 டாலருக்கு ஒரு தரகரிடம் விற்றுவிட்டார். ஏன் விற்றீர் என்று பின்னர்க் கேட்டபோது, ஒரு கறுப்பினப் பெண்ணின் கண்டுபிடிப்பு என்று தெரிந்தால் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் அதை வாங்கார் என்று அவர் காரணம் கூறினார். வாங்கியவர் அதனாற் பொருள் ஈட்டினார். ஆக்கியவர்க்குக் கிடைத்தது அந்தப் 18 டாலரே. அவர் வெளுத்த துணியைக் கூசாமல் உடுத்தியிருக்கக்கூடிய சமூகம், அவர் அறிவில் விளைந்த பொருளைத் தொடக் கூசிற்று. பிறர் அழுக்கைப் போக்குவோரையே இழிந்தோர் என்று பிறப்பால் ஒதுக்கிவைத்த தமிழ்ச் சமூகத்திற்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது.

அறிவிற்கு மட்டுமன்றி உழைப்பிற்கும் இதே நிலைதான். 1881ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அட்லாண்டா நகரத்துக் கறுப்பின வெளுப்புத் தொழிலாளிப் பெண்கள் 20 பேர் கூடி ஒரு சங்கம் கண்டனர். 12 பவுண்டு எடைத் துணிக்கு ஒரு டாலர் கூலி வேண்டுமென்று வேலைநிறுத்தம் செய்தனர். வீடு வீடாகச் சென்று ஆள் சேர்த்தமையால், மூன்று வாரத்திற்குள் சங்கத்தில் சுமார் 3,000 பேர் சேர்ந்தனர். சிலர் சிறைப்படுத்தப்பட்டனர். சங்க உறுப்பினர்மேல் 25 டாலர் உரிமக் கட்டணம் விதிக்க நகரசபை எண்ணிற்று. அப்பெண்களோ, கட்டணம் செலுத்துகிறோம், கூலியை நாங்களே வகுப்போம் என்று நகரத் தலைவர்க்கு எழுதினர். முடிவில் நகரசபை அக்கட்டணத் திட்டத்தைக் கைவிட்டது. எழுத்தறிவு வாய்க்கப்பெறாத பலர் சேர்ந்த அச்சங்கம் காட்டிய ஒற்றுமை, தொழிலாளர் யாவரும் கருதத்தக்கது.

மின்சாரம் வந்தது

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சார மோட்டார் கைப்பிடியின் இடத்தைப் பிடித்தது. சிக்காகோ நகரத்து ஹர்லி கம்பெனியின் ஆல்வா ஃபிஷர் என்பவரே மின்சாரச் சலவை யந்திரத்தைக் கண்டவர் என்று பல நூல்கள் கூறும். அவர் 1910இல் காப்புரிமை பெற்றது உண்மையே. எனினும் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே மின்சார யந்திரங்கள் செய்தித்தாள்களில் விளம்பரமாயின. பலர் கைபட்டு வளர்ந்த ஒரு பொருளை ஒருவர் தலையில் முடியாகச் சூட்டுதல் வரலாற்றிற் பலமுறை நிகழும் பிழையாகும்.

அயோவா மாநிலத்து நியூட்டன் நகரில் வேளாண் கருவிகள் செய்துவந்த மேடேக் கம்பெனி, 1922இல் ஒரு பெரிய திருத்தம் செய்தது. அதுவரை துணியை நீருக்குள் இழுத்தடித்தனர்; ஹவர்ட் ஸ்னைடர் அமைத்த புதிய பொறியோ, தொட்டியின் அடியில் நின்று திரும்பும் துடுப்பினால் நீரைத் துணியின் ஊடே செலுத்திற்று. துணி கிழிதல் குறைந்தது, வேலையும் விரைந்தது. 1928இல் அமெரிக்காவில் விற்பனையான மின்சார யந்திரங்கள் 9,13,000. பொருளாதாரச் சரிவினால் 1932இல் அத்தொகை சுமார் 6,00,000 ஆகக் குறைந்தது.

ஆயினும் அந்நாட்டுப் பண்ணை வீடுகளிற் பெரும்பாலானவற்றிற்கு அப்போது மின்சாரமே இல்லை. 1930களின் நடுவில் பத்தில் ஒரு பண்ணை வீட்டிற்கே மின்விளக்கு எரிந்தது. அரசாங்கம் 1935இல் கிராம மின்மய நிர்வாகத்தை ஏற்படுத்திய பின்னரே கம்பிகள் சிற்றூர்களை நாடிச் சென்றன. யந்திரம் கடையில் இருத்தல் வேறு, அஃது ஏழையின் வீட்டில் ஓடுதல் வேறு என்பதற்கு இதுவே சான்று. குழாயும் கம்பியும் பொதுமுயற்சியால் வரவேண்டியவை. தனியொருவர் பணம் கொடுத்து வாங்கத்தக்கவை அல்ல.

தானே இயங்கும் யந்திரம்

பிழியும் உருளைகளில் விரலும் கையும் சிக்கி நசுங்கியவர் பலர். அவருட் சிறுவரும் உண்டு. அவ்விடரை நீக்கியது தானியங்கி யந்திரம். 1937இல் பெண்டிக்ஸ் கம்பெனி வெளியிட்ட யந்திரம், துவைத்து, அலசி, வேகமாகச் சுழன்று நீரை உதறித் தானே நின்றது. ஆனால் அதன் அதிர்ச்சி பெரிதாகலின், தரையோடு ஆணியிட்டு முடுக்கவேண்டியிருந்தது. போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் படைக்கருவிகள் செய்யத் திரும்பியமையால் உற்பத்தி நின்றது. போர் முடிந்தபின், 1947இல் மேற்புறம் திறக்கும் தானியங்கி யந்திரங்கள் சந்தைக்கு வந்தன.

இரசாயனப் பொருளும் உடன் வளர்ந்தது. ஜெர்மனியில் 1907இல் பெர்சில் என்னும் தூள் வெளிவந்தது. அமெரிக்காவில் 1946இல் டைட் வெளிவந்தது. சோப்பு கடின நீரிற் படியவிடும் கசடு பின்னதில் இல்லை. சப்பானில் 1930இல் முதல் மின்சாரச் சலவை யந்திரம் செய்யப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் சலவை யந்திரம், குளிர்ப்பெட்டி, தொலைக்காட்சி ஆகிய மூன்றனையும் அந்நாட்டினர் வீட்டின் மூன்று செல்வங்களாகப் போற்றினர். 1990இல் துணியின் அளவையும் அழுக்கையும் தானே மதிப்பிட்டு நேரம் வகுக்கும் யந்திரங்களும் அங்கே விற்பனைக்கு வந்தன.

சிங்கப்பூரில் தோபி காட் என்னும் இடப்பெயர், 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த ஓடையில் துணி வெளுத்த இந்தியத் தொழிலாளரை நினைவூட்டுவது. ஓடை மறைந்தது; கல்லில் துணி அறைந்த ஓசையும் மறைந்தது. 1987இல் திறக்கப்பட்ட இரயில் நிலையம் அப்பெயரை மட்டும் தாங்கி நிற்கிறது. நாள்தோறும் அதைக் கடக்கும் ஆயிரமாயிரம் பேருள், அப்பெயர் யாருடைய முதுகுவலியிலிருந்து பிறந்தது என்று எண்ணுவோர் எத்தனை பேர்?

வரவும் செலவும்

கணக்குப் புத்தகத்தோடு பழகிய நமக்கு, முடிவில் வரவு செலவு பார்க்காமல் ஏட்டை மூட மனம் வருவதில்லை. யந்திரம் பெண்களின் நேரத்தை எவ்வளவு மிச்சப்படுத்திற்று? 1974இல் ஜோன் வானெக் என்னும் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கணக்கின்படி, வெளி வேலைக்குச் செல்லாத அமெரிக்க இல்லத்தரசி 1924இல் வாரத்திற்கு சுமார் 52 மணி நேரம் வீட்டுவேலை செய்தாள். 1960களில் சுமார் 55 மணி நேரம் செய்தாள். துணி துவைக்கும் நேரமும் குறையவில்லை. சிறிது கூடவே செய்தது.

இதெங்ஙனம்? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்னும் வரலாற்றாசிரியை 1983இல் எழுதிய நூலில் இதற்கு விடை கூறினார். முன்பு கூலிப் பெண்ணிடமோ சலவைச் சாலைக்கோ சென்ற துணி, யந்திரம் வந்தபின் வீட்டிற்கே திரும்பி வந்து இல்லத்தரசியின் தலையில் விழுந்தது. வாரத்திற்கு ஒருமுறை மாற்றிய சட்டையை நாள்தோறும் மாற்றலாயினர். உடலை முறிக்கும் பாரம் நீங்கியது மெய். அதை நாம் சிறிதென்று கூறோம். ஆனால் மிச்சமான நேரத்தைப் புதுப்புது வேலைகள் விழுங்கின. அவ்வேலைகளைப் பெண்ணே செய்யவேண்டும் என்ற வழக்கத்தை எந்தப் பொறியும் துவைக்கவில்லை.

மற்றொரு பக்கத்தையும் காண்க. உலகிற் பல கோடிப் பெண்கள் இன்றும் கையாலேயே துவைக்கின்றனர். நவ்ஜோத் சாஹ்னி என்னும் பிரிட்டிஷ் பொறியியலாளர் தமிழகத்தின் சிற்றூரொன்றில் தங்கியிருந்தபோது, அண்டை வீட்டுப் பெண் நாள்தோறும் துவைத்து வருந்துவதைக் கண்டு, அவளுக்கு ஒரு யந்திரம் செய்து தருவதாகச் சொன்னார். 2018இல் அதற்கென ஒரு நிறுவனம் தொடங்கி, மின்சாரம் வேண்டாத கைச்சுழற்சி யந்திரத்தை ஆக்கி, அதற்கு அப்பெண்ணின் பெயரையே இட்டார். ஈராக்கிய அகதி முகாம்களுக்கும் அது சென்றது. கண்டவர் பெயரைத் தாங்கும் பொருள்கள் உலகில் பல. துவைத்தவள் பெயரைத் தாங்கும் பொருள் அரிது.

யந்திரம் வாங்குதல் பணத்தால் ஆகும். அதன் மூடியைத் திறந்து துணியைப் போடவும், எடுத்து உலர்த்தவும், மடித்து அடுக்கவும் வீட்டு ஆண்மக்கள் கற்றுக்கொள்ளப் பணம் வேண்டுவதில்லை, மனமே வேண்டும். அழுக்குப் போக்கும் வேலையில் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையில் முழங்கும் நாம், அதனை முதலில் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் செய்து காட்டுவோமாக.