'பத் மிட்ஸ்வா': பெயர்ப்பில் எழும் ஒரு சிக்கல்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் தென்கோடியிலுள்ள பெரிய நிக்கோபாரில் 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. அக்குடியேற்றத்தின் தலைமையிடம் கேம்பல் பே. பஞ்சாபியர், மராத்தியர், தெலுங்கர், மலையாளிகள், தமிழர் எனப் பலரும் வந்து சேர்ந்த அவ்வூரில் இந்தியே பொதுமொழியாயிற்று. தமிழரின் மஞ்சள் நீராட்டைத் தெலுங்கர்க்குச் 'சமர்த்த' என்றும், மலையாளிகளுக்குத் 'திரண்டுகல்யாணம்' என்றும் சொன்னால் போதும். ('திரளுதல்' தமிழிலும் இப்பொருளில் உண்டு.) பஞ்சாபியரிடையே இத்தகைய ஊரறியும் விழா மரபின்மையால் அவர்களுக்கு விளக்கலாமேயன்றிப் பெயர்த்துரைக்க இயலாது.

யூதரின் 'பத் மிட்ஸ்வா'வைத் தமிழாக்குவோர்க்கும் இந்நிலையே நேர்கிறது. 'பூப்புனித நீராட்டு' என்று பெயர்த்துவிடுவது எளிது, ஆனால் பிழை.

'பத்' எபிரேயத்தில் மகள், 'மிட்ஸ்வா' கட்டளை. ஆண்பால் இணையான 'பார் மிட்ஸ்வா'விலுள்ள 'பார்' அரமேயச் சொல்லாகும். இவை முதலில் விழாவைக் குறிக்கவில்லை; கட்டளைகளுக்குக் கடப்பாடுடைய ஆளையே குறித்தன. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா, 12 ஆண்டும் ஒரு நாளும் நிறைந்த பெண்ணின் நேர்ச்சை செல்லும் என்கிறது, ஆணுக்கு 13. உடல் வளர்ச்சியின் அறிகுறியையும் சட்டம் கருதியதுண்டு. எனினும் அது முதற்பூப்பு அன்று.

விழா பிற்காலத்தது. பாக்தாத் நகர அறிஞர் யோசெப் ஹயீம் (இறப்பு 1909), விருந்து வழக்கமில்லாவிடினும் அந்நாளில் பெண் நல்லாடை உடுத்தி மகிழவேண்டும், புத்தாடையாயின் அதற்குரிய வாழ்த்தும் கூறவேண்டும் என்றார். 1922 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் மொர்தெகாய் காப்லான் தம் மகள் ஜூடித்தைத் தொழுகைக் கூட்டத்தில் மறைநூல் வாசிக்கச் செய்தார். அவர் வாசித்தது தோராச் சுருளிலிருந்து அன்று, அச்சு நூலிலிருந்து. அந்த இடைவெளியே அன்றைய தயக்கத்தைக் காட்டுகிறது. இங்குச் சிறப்பிக்கப்படுவது பெண்ணின் வாசிப்பே, உடலன்று.

தமிழ்ச் சொற்களோ உடலையே சுற்றி நிற்கின்றன. சமைதல், பெரியவளாதல் ஆகியன அத்தகையன. 'வயதுக்கு வருதல்' சொல்லளவில் நெருங்கிவரினும் வழக்கில் பூப்பையே சுட்டும். பாட்டியல் மரபில் 'மங்கை' 12, 13 வயதுப் பெண்ணைக் குறிக்கும். இன்று அவ்வரையறை மறைந்துவிட்டது. யாழ்ப்பாண வழக்கான 'சாமத்தியம்' கருதத்தக்கது. 'சாமர்த்தியம்' என்பதன் திரிபாகிய அது தகுதியைச் சுட்டும் வேரையுடையது. ஆயினும் 'சாமத்திய வீடு' என்றதும் ஈழத்து வாசகர் மனத்தில் எழுவது நீராட்டே.

ஆதலின் 'பத் மிட்ஸ்வா' என ஒலிபெயர்த்து, ஆளைச் சுட்டுமிடத்து 'கட்டளைக்குரிய வயதெய்தியவள்' என்றும், நிகழ்ச்சியைச் சுட்டுமிடத்து 'கடப்பாடேற்பு விழா' என்றும் முதல் வருகையில் விளக்கம் தருவதே தக்கது.