மாதவிடாயைப் பிற்போடும் மாத்திரைகள்

ஆனி மாதத்தில் நயினாதீவு ஸ்ரீ நாகபூசணி அம்மன் ஆலய மகோற்சவம் ஆரம்பமாகியதும், குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காகக் காத்து நிற்போர் தொகை பெருகிவிடும். புலம்பெயர்ந்த உறவினரும் வந்து சேர்வர். அந்நாட்களில் மாதவிடாய் குறுக்கிடலாகாது என எண்ணும் பெண்கள் மாத்திரையை நாடுகின்றனர். தவாபை நிறைவேற்ற வேண்டி ஹஜ், உம்றா செல்லும் முஸ்லிம் பெண்களுக்கும் இதே தேவை எழுகின்றது. இரு சாராருக்கும் பெரும்பாலும் வழங்கப்படுவது நோர்எதிஸ்தெரோன் என்னும் ஒரே மருந்தேயாகும்.

உடலில் புரோஜெஸ்தெரோன் ஹோர்மோனின் அளவு குறையும்போதே கருப்பையின் உட்படை கழன்று மாதவிடாய் ஏற்படுகின்றது. இம்மருந்து அந்த ஹோர்மோனைப் போன்று செயற்பட்டு உட்படையைத் தாங்கி நிற்கின்றது. வழமையாக 5 மில்லிகிராம் மாத்திரையை நாளொன்றுக்கு மூன்று தடவை, எதிர்பார்க்கும் திகதிக்கு மூன்று நாட்களுக்கு முன்னரே ஆரம்பிக்குமாறு மருத்துவர் கூறுவர். நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் மாதவிடாய் வரும். வராவிடின் கர்ப்பப் பரிசோதனை அவசியம். ஏனெனில் இவ்வாறு உட்கொள்வது கருத்தடையாகாது.

இம்மருந்தின் ஒரு சிறு பகுதி உடலில் ஈஸ்ட்ரோஜன் வகை ஹோர்மோனாக மாறுவதால் நாளங்களில் குருதி உறையும் அபாயம் சிறிதளவு கூடுகின்றது. நீண்ட விமானப் பயணமும் உடற்பருமனும் புகைத்தலும் அவ்வபாயத்தை மேலும் கூட்டும். முன்னர் குருதி உறைந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் அல்லது ஈரல் நோய் உடையோர், காரணம் அறியப்படாத குருதிப்போக்கு உள்ளோர், கர்ப்பிணிகள் ஆகியோர் இதனைத் தவிர்க்க வேண்டும். சிலருக்கு மருத்துவர் வேறு மருந்தைத் தெரிவு செய்யக்கூடும். ஏற்கெனவே கூட்டுக் கருத்தடை மாத்திரை எடுப்போர், ஆலோசனை பெற்று, இடைவெளி விடாது அடுத்த அட்டையை ஆரம்பித்தாலே போதுமானது.

ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நயினாதீவிலோ நெடுந்தீவிலோ இருப்பவர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை அடையக் கடலைக் கடந்தாக வேண்டும் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆகவே அயலவர் கொடுத்த மாத்திரையை உட்கொண்டு படகேறுவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே மருத்துவரை நாடுவதே உகந்தது.

உடலுக்குத் தீங்கில்லாதவிடத்தே இதற்கு அனுமதி என்பது உலமாக்கள் பலரின் கருத்து. தவாப் தவிர்ந்த ஏனைய ஹஜ் கிரியைகளை மாதவிடாய்க் காலத்திலும் நிறைவேற்றலாம். தவறிய நோன்பைப் பின்னர் நோற்கலாம். அம்மனின் தேரும் அடுத்த ஆண்டு வரும். மாத்திரை எடுப்பதா இல்லையா என்பது அப்பெண்ணின் தீர்மானமாகவே இருத்தல் வேண்டும். குடும்பத்தவர் அவளை வற்புறுத்தலாகாது என்பதே எமது வேண்டுகோளாகும்.