மஞ்சள் சிவந்த கதை

பங்குனி மாதத்தில் வலங்கைமான் மகாமாரியம்மன் கோவிலுக்குச் சென்றவர்கள் பாடைக் காவடித் திருவிழாவைக் கண்டிருப்பீர்கள். கடும் நோயிலிருந்து பிழைத்தவர்கள் பாடையில் படுத்துக் கோவிலை வலம் வந்து நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். வந்தவர் நெற்றியிலெல்லாம் குங்குமம் துலங்கும். உலர்ந்த ஒரு பொடி வேர்வைக்கும் வெயிலுக்கும் உதிராமல் நெற்றியில் நிற்கிறதே, எப்படி என்று எண்ணியதுண்டா?

இதற்கு விடை கண்டவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அம்மியும் உரலும் மெல்லிய துணியுமே அவர்களுடைய ஆய்வுக்கருவிகள்.

முதலில் நிறத்தைப் பார்ப்போம். மஞ்சளுக்கு நிறம் தருவது குர்க்குமின் என்னும் பொருள். 1815-இல் வோகல், பெல்லெட்டியே என்னும் இருவர் இதைப் பிரித்தெடுத்தனர். இதன் அமைப்பு 1910-இல்தான் தெளிவாயிற்று. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பதை ஆரத்தி கரைத்த எவரும் அறிவர். காரத்தில் குர்க்குமின் சிவப்பதே காரணம்.

அப்படியானால் ஆரத்தி நீரைக் காயவைத்தாலே குங்குமம் கிடைத்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கும், ஆனால் நிலைக்காது. காரத்தில் குர்க்குமின் விரைவில் சிதையும். சுண்ணாம்பும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடித் தன் காரத்தன்மையை இழக்கும். எனவே சிவப்பு மங்கும்.

நிலைத்த சிவப்புக்கு வேறொரு வழி இருந்தது. மஞ்சள் துண்டுகளை எலுமிச்சைச் சாறு, வெங்காரம், படிக்காரம் ஆகியவற்றில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி இடிப்பது அந்த முறை. எலுமிச்சை புளிப்பானது. புளிப்பில் மஞ்சள் சிவக்காதே என்று தோன்றும். இங்கே வேலை செய்வது வெங்காரம். எலுமிச்சையின் அமிலம் வெங்காரத்தைப் போரிக் அமிலமாக மாற்றுகிறது. உலர உலர அது குர்க்குமினோடு இணைந்து சிவந்த கூட்டுப்பொருள் ஆகிறது. போரானைக் கண்டறிய வேதியியலார் மஞ்சள் தாளைப் பயன்படுத்தியதும் இதே வினையைக் கொண்டுதான். ஒரு காலத்தில் திபெத்திலிருந்தும் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கிலிருந்தும் மலை கடந்து வந்த சரக்கு இந்த வெங்காரம்.

இனி, பொடியின் நயத்துக்கு வருவோம். மஞ்சள் கிழங்கில் பெரும்பகுதி மாவும் நாருமே. எவ்வளவு இடித்தாலும் நார் மிஞ்சும். அது நெற்றியில் உறுத்தும். அதனால்தான் இடித்த பொடியை மெல்லிய துணியில் சலித்தார்கள். சித்த மருத்துவத்தில் இதற்கு வஸ்திரகாயம் என்று பெயர். துணியின் இழைகளுக்கிடையே புகுந்து வருவது மட்டுமே குங்குமம்; மற்றது மீண்டும் உரலுக்கு.

சலித்த பொடியில் சிறிது நல்லெண்ணெய் விட்டுப் பிசறுவது கடைசி வேலை. இதனால் இரண்டு பயன்கள் உண்டு. துகள்களின் மேல் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலம் அவற்றை ஒன்றோடொன்றும் தோலோடும் ஒட்டவைக்கிறது. நிறமும் அழுத்தமாகிறது. உலர்ந்த பொடியில் துகள்களுக்கிடையே உள்ள காற்றினால் ஒளி நாற்புறமும் சிதறி, வெளிறிய தோற்றம் தரும். காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்தால் சிதறல் குறையும். ஈர மண் கறுத்துத் தோன்றுவதும் இதனால்தான். எண்ணெய் மிகுந்தாலோ பொடி கட்டிகட்டியாகிவிடும்.

எண்ணெய்க்குப் பதில் மாவுப் பசையைப் பிணைப்பாகக் கொண்டது சாந்துப் பொட்டு. ஜவ்வரிசியைக் கருகும்வரை வறுத்து, நீர் விட்டுக் கொதிக்கவைத்து, கொட்டாங்கச்சியில் ஊற்றிக் காயவைப்பார்கள். கருகிய பகுதி நிறம். வெந்த மாவே பசை. விரலில் நீர் தொட்டுத் தேய்த்தால் மீண்டும் குழையும். 1943-இல் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கிய பின்னர் இந்தச் சரக்குக்குக் கடல் கடந்து காத்திருக்க வேண்டிய தேவை குறைந்தது.

இதுவரை சொன்னது கைத்திறனின் வெற்றி. ஆனால் நயமும் பளபளப்பும் தூய்மைக்குச் சான்றாகிவிடா. ஈயச் செந்தூரம் மிக நயமானது. நிறமோ கண்ணைப் பறிக்கும். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கமும் அப்படியே. சாதிலிங்கத்தில் மலிவான ஈயச் செந்தூரத்தைக் கலந்து விற்றதை முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். கலப்படத்துக்கும் வயது இரண்டாயிரம்!

அந்தக் கதை முடிந்துவிடவில்லை. வகிட்டில் இடும் சிந்தூரத்தைச் சோதித்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நியூ ஜெர்சியில் வாங்கிய 95 மாதிரிகளில் 83 விழுக்காட்டிலும், இந்தியாவில் வாங்கிய 23 மாதிரிகளில் 78 விழுக்காட்டிலும் ஈயம் இருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கையில் ஒட்டிய பொடி வாய்க்குப் போக எவ்வளவு நேரமாகும்? ஒட்டுப்பொட்டிலும் தொல்லை உண்டு. சிலவகைப் பசையில் உள்ள ஒரு பொருளால் பொட்டிட்ட இடத்தில் தோல் வெளுப்பதைத் தோல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நீங்களே ஒரு சிறு சோதனை செய்யலாம். கண்ணாடிக் குவளை நீரில் ஒரு சிட்டிகை குங்குமத்தைத் தூவுங்கள். மஞ்சளின் நிறப்பொருள் நீரில் எளிதில் கரையாது. நீர் உடனே ரோஜா நிறமாகப் பரவினால், அதில் நீரில் கரையும் செயற்கைச் சாயம் இருக்கிறது என்று கொள்ளலாம். ஈயத்தை இச்சோதனை காட்டாது, ஆய்வுக்கூடமே காட்டும். ஆயினும் ஈயச் செந்தூரம் நீரைப்போல் எட்டு மடங்குக்கும் மேல் அடர்த்தியுள்ளது. சிறிய பொட்டலம் கைக்கு வியப்பான கனமாகத் தெரிந்தால் வாங்காதிருப்பதே நன்று. வீட்டில் செய்ய முனைவோரும் வெங்காரத்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவேண்டும்; அது உண்ணத்தக்கதன்று.

நம் பாட்டிமார் குங்குமம் நயமாக இருக்கிறதா என்று இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார்கள். உள்ளே போட்டது என்ன என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஏனெனில் போட்டது அவர்களே. கடையில் வாங்கும் நாம் அந்த இரண்டாவது கேள்வியையும் கேட்டாகவேண்டும்.